ஹாட் டாக்: பெயரின் வரலாறும் தள்ளுவண்டியின் வரலாறும்

முதுகலையில் மொழியியல் பயின்ற காலத்தில், சொற்பொருள் மாற்றம் பற்றிய வகுப்பொன்றில் கருத்துரை வழங்கும் முறை எனக்கு வந்தது. நான் எடுத்துக்கொண்ட சொல் 'ஹாட் டாக்'. அதன் தோற்றம் பற்றி நான் அன்று சொன்ன கதை இது: 1901ஆம் ஆண்டு, நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் பேஸ்பால் மைதானம், கடுங்குளிர். ஐஸ்கிரீம் விலைபோகவில்லை. மைதானத்தில் உணவு விற்கும் உரிமை பெற்றிருந்த ஹாரி ஸ்டீவன்ஸ், தம் பையன்களை அனுப்பிச் சூடான சாசேஜ்களைப் பன்னில் வைத்து விற்கச் சொன்னார். நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஷண்ட் என்னும் ஜெர்மானிய நாயின் பெயரைச் சொல்லி அவர்கள் கூவி விற்றார்கள். பார்த்துக்கொண்டிருந்த டாட் டோர்கன் என்னும் கேலிச்சித்திரக்காரர் அக்காட்சியை வரைந்தார். டாக்ஷண்ட் என்பதற்கு எழுத்துக்கூட்டத் தெரியாமல் 'ஹாட் டாக்' என்று எழுதிவிட்டார். வகுப்பு சிரித்தது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

கதை முழுவதும் பொய். 1901இல் டோர்கன் நியூயார்க்கிலேயே இல்லை. தம் பிறந்த ஊரான சான் பிரான்சிஸ்கோவில் செய்தித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியொரு படத்தை எவரும் கண்டெடுக்கவில்லை. ஹாட் டாக் பற்றி அவர் வரைந்தவற்றுள் கிடைப்பதில் முந்தையது 1906 டிசம்பரைச் சேர்ந்தது. அதுவும் பேஸ்பால் பற்றியதன்று. மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயம் பற்றியது. அதற்குள் அச்சொல் அச்சில் ஏறி இருபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

இதை நிறுவியவர்கள் ஜெரால்டு கோஹன், பேரி பாப்பிக், டேவிட் ஷுல்மன் ஆகிய மூவர். அவர்கள் 2004இல் வெளியிட்ட நூல் முழுவதும் இந்த ஒற்றைச் சொல்லின் பிறப்பைத் தேடுவதுதான். பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் புரட்டிச் சான்று சேர்த்த உழைப்பு அது. யேல் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய நகைச்சுவை இதழொன்றில் 1895 அக்டோபரில் இச்சொல் வருகிறது. அக்காலத்தில் விடுதிகளின் முன்னே இரவில் வந்து நின்ற உணவு வண்டியை யேல் மாணவர்கள் 'நாய் வண்டி' என்றே அழைத்தார்கள். நியூ ஜெர்சியின் பேட்டர்சன் நகரச் செய்தித்தாளில் 1892இன் கடைசி நாளில் இச்சொல் காணப்படுகிறது. அதற்கும் முன்னே, இண்டியானா மாநிலத்து எவன்ஸ்வில் நகரின் நாளிதழொன்றில் 1884 செப்டம்பரில் ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னர் வருகிறேன். இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

முதலில் இலக்கணம். 'ஹாட் டாக்' என்ற தொடரைத் தனியே பார்த்தால் நம் மரபில் அதை அன்மொழித்தொகை என்று சொல்லத் தோன்றும்: சூடான நாய் என்ற பண்புத்தொகை, தனக்குப் புறத்தே உள்ள வேறொரு பொருளைக் குறிக்கிறது. நானும் வகுப்பில் அப்படித்தான் சொன்னேன். சான்றுகள் வேறு சொல்கின்றன. அதே காலத்து அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'டாக்' என்ற சொல் தனித்தே சாசேஜைக் குறித்தது. 1884ஆம் ஆண்டு வரியில் அச்சொல் பன்மை விகுதி ஏற்காமல், நாம் 'ஆட்டுக்கறி விற்றார்' என்பது போலப் பொருட்பெயராகவே நிற்கிறது. ஆகவே தொகையில் விந்தை ஏதுமில்லை. அது வெறும் பண்புத்தொகை, சூடான சாசேஜ் என்பதே பொருள். விந்தை 'டாக்' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. சாசேஜுக்கு நாயின் பெயர் ஏன் வந்தது?

சாசேஜின் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால் வந்தது. அரைத்த இறைச்சியைக் குடலில் அடைத்துவிட்டால், அது மாடா, பன்றியா, வேறெதுவா என்று தின்பவர் அறிய வழியில்லை. நாய் இறைச்சி கலக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அமெரிக்காவில் 1840களிலேயே ஒலித்தது. 1864இல் செப்டிமஸ் வின்னர் எழுதிய ஒரு நகைச்சுவைப் பாட்டு, ஜெர்மானியரின் கொச்சை ஆங்கிலத்தைப் போலி செய்து, காணாமற்போன நாய்க்குட்டியைத் தேடுகிறது. அதன் இறுதியில் சாசேஜில் நாயும் குதிரையும் சேர்வதாக வருகிறது. இன்று உலகெங்கும் குழந்தைகள் பாடும் பாட்டு அது. முதல் கண்ணி மட்டும் எஞ்சி, சாசேஜ் மறைந்துவிட்டது. கேலி இறைச்சியின் மீது மட்டும் விழவில்லை. அதை விற்ற ஜெர்மானியக் குடியேறியின் மீதும், அவர் பேசிய மொழியின் மீதும் விழுந்தது. குடியேறியவரின் உணவில் ஐயம், அவரது பேச்சில் நகை: இரண்டும் சேர்ந்து ஒரு சொல்லாயின.

ஆக, அப்பெயரை வழங்கியவர் தின்றவர். விற்றவர் வழங்கியவை வேறு. பிராங்பர்ட் நகரத்தால் பிராங்பர்ட்டர், வியன்னா நகரத்தால் வீனர் என்று ஊர்ப்பெயர்களையே அவர்கள் கையாண்டார்கள். கூவும்போது 'ரெட் ஹாட்' என்றார்கள்; வெம்மையையும் நிறத்தையும் சொல்லி நாயைத் தவிர்க்கும் சொல். நியூயார்க் கடற்கரையின் கோனி தீவில் வணிகர் சங்கம் 1913இல் தம் எல்லைக்குள் 'ஹாட் டாக்' என்ற பெயரைப் பலகைகளில் எழுதக்கூடாது எனத் தீர்மானம் செய்தது. சொல்லைத் தடுத்தால் ஐயம் ஒழியும் என்று எண்ணினார்கள் போலும்! மொழியியல் மாணவருக்கு விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை மனத்தில் இருத்திக்கொண்டு தள்ளுவண்டிக்காரரின் இடத்தில் நின்று பார்த்தால், எந்தச் சாசேஜை வாங்குவது, மேலே எதை இடுவது என்ற அன்றாடக் கேள்விகள் வேறொரு வெளிச்சத்தில் தெரிகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று ஐயுறும் வாடிக்கையாளருக்கு அவர் சொல்லும் விடைகள் அவை.

முதல் விடை, இறைச்சியைத் தேர்வது. அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் 1906இல் நூலாக வந்து சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் உட்புறத்தைக் காட்டியது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு மற்றும் மருந்துச் சட்டமும் கையொப்பமாயின. ஆனால் அரசு முத்திரை ஒன்றே ஐயத்தைத் தீர்த்துவிடவில்லை. யூதக் குடியேறிகளிடம் வேறொரு முத்திரை இருந்தது. கோஷர் விதிப்படி பன்றி சேராது. அறுப்பதும் அடைப்பதும் சமயக் கண்காணிப்பில் நடக்கும். அந்த விதி யூதர் அல்லாதாருக்கும் நம்பிக்கை தந்தது. நியூயார்க்கில் 1905இல் தொடங்கிய ஹீப்ரூ நேஷனல் நிறுவனம் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற விளம்பரம், தாங்கள் அரசுக்கு மேற்பட்ட ஓர் அதிகாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்ற கருத்தில் அமைந்தது. 'முழுக்க மாட்டிறைச்சி' என்ற சொற்றொடர் அமெரிக்க ஹாட் டாக் வண்டிகளில் இன்றும் பெரிதாக எழுதப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது. இந்தியச் சூழலில் மாட்டிறைச்சி என்ற சொல்லே வேறு வகை ஐயங்களுக்கு உரியது என்பதை நண்பர்கள் அறிவார்கள். அங்கோ அது ஐயத்தைப் போக்கும் சொல்லாக இருந்தது.

கோனி தீவில் ஜெர்மானியரான சார்லஸ் பெல்ட்மன் 1860களின் இறுதியில் தள்ளுவண்டியில் தொடங்கிப் பெரும் உணவகம் கட்டியிருந்தார். அவரிடம் ஒரு பிராங்பர்ட்டர் 10 சென்ட். அங்கே பன் அறுக்கும் வேலை பார்த்த போலந்து யூதர் நேதன் ஹாண்ட்வெர்க்கர் 1916இல் வெளியேறி, அருகிலேயே 5 சென்டுக்கு விற்கத் தொடங்கினார். விலை பாதியானதும் கூட்டம் பெருகியதா என்றால், தொடக்கத்தில் இல்லை என்பதே அவரைப் பற்றி வழங்கும் கதை: இவ்வளவு மலிவாக விற்பதில் என்ன கலந்திருக்குமோ என்று அஞ்சினார்களாம். மருத்துவர்களைப் போல வெள்ளை அங்கி அணிந்த ஆள்களைக் கடைமுன் நின்று தின்ன வைத்தார் என்பது கதையின் அடுத்த பகுதி. டோர்கன் கதையில் சுட்டுக்கொண்ட நான் இதை வரலாறு என்று சொல்லப்போவதில்லை. ஆனால் இக்கதை தலைமுறைகளாகச் சொல்லப்படுவதே அந்த அச்சம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதைக் காட்டுகிறது.

தொழிலின் நுட்பங்களையும் சற்றுச் சொல்லவேண்டும். வரலாற்றாசிரியர்கள் இவற்றைப் பெரும்பாலும் கடந்துபோகிறார்கள். வண்டிக்காரர் சாசேஜை வாங்கும்போது ஒரு பவுண்டுக்கு எத்தனை என்று எண்ணித்தான் வாங்குகிறார். பவுண்டுக்கு எட்டு என்றால் ஒன்று ஏறத்தாழ 57 கிராம். பத்து என்றால் 45 கிராம். அந்த 12 கிராமில்தான் அவரது நாள் வருமானம் இருக்கிறது. ஆட்டுக்குடலில் அடைத்தது கடிக்கும்போது 'டப்' என்று வெடிக்கும்; விலையும் கூடுதல். 1920களில் சிகாகோவைச் சேர்ந்த எர்வின் பிராயண்ட் செல்லுலோஸ் உறையை உருவாக்கினார். வேகவைத்தபின் உறையை உரித்துவிடலாம். தோலில்லாச் சாசேஜ் இவ்வாறு வந்தது. மலிவு, ஒரே அளவு, ஆனால் அந்த வெடிப்பு இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் விதிப்படி கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கொழுப்பும் சேர்த்த நீரும் கூடி 40 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும். ஆக, இன்று சட்டப்படி ஐயத்துக்கு இடம் குறைவு. பழக்கத்தில் நகை மட்டும் நின்றுவிட்டது.

இரண்டாவது விடை, மேலே இடுவது. இதில் சிகாகோவை விஞ்சிய ஊர் இல்லை. 1865இல் திறந்த யூனியன் ஸ்டாக் யார்டு என்ற மாபெரும் கால்நடைச் சந்தை அந்நகரை நாட்டின் இறைச்சிக் கூடமாக்கியது. 1893 உலகக் கண்காட்சியில் ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த இரு யூதக் குடியேறிகள் மாட்டிறைச்சிச் சாசேஜ் விற்றார்கள். இன்றைய வியன்னா பீப் நிறுவனத்தின் தொடக்கம் அது. யூதர்கள் நிறைந்த மாக்ஸ்வெல் தெருச் சந்தையில் காய்கறி வண்டிகளும் சாசேஜ் வண்டிகளும் அடுத்தடுத்து நின்றன. 1929இல் பொருளாதாரம் சரிந்தது. அந்த ஆண்டு அச்சந்தையில் தொடங்கிய புளூக்கீஸ் என்னும் கடை, 5 சென்டுக்கு ஹாட் டாக்கோடு காய்கறிகளையும் அள்ளிவைத்துத் தந்தது. 'மந்தகாலச் சாண்ட்விச்' என்று அதற்குப் பெயர். தாங்களே முதலில் செய்தோம் என்பது அக்கடையாரின் கூற்று. முதல்வர் யாராயினும், கணக்கு தெளிவானது: இறைச்சியைக் கூட்டினால் நட்டம், பக்கத்து வண்டியின் வெங்காயத்தையும் தக்காளியையும் கூட்டினால், அதே காசுக்கு ஒருவேளைச் சாப்பாடு.

அந்த அடுக்கு இன்று ஏறக்குறைய விதியாகிவிட்டது: கசகசா தூவிய பன், நீராவியில் வெந்த மாட்டிறைச்சிச் சாசேஜ், மஞ்சள் கடுகுச் சாஸ், கண்ணைப் பறிக்கும் பச்சை நிறத்தில் இனிப்பு வெள்ளரி ரெலிஷ், நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாட்டில் கீறிய வெள்ளரி ஊறுகாய், ஊறவைத்த சிறு மிளகாய்கள், கடைசியில் செலரி உப்பு. தோட்டத்தின் வழியே இழுத்து வந்தது என்று அவ்வூரார் இதை வருணிப்பார்கள். பொருள்களின் வம்சாவளியைப் பாருங்கள். கடுகு ஜெர்மானியர் வழி. வெள்ளரி ஊறுகாயும் கசகசா ரொட்டியும் கிழக்கு ஐரோப்பிய யூதர் வழி. காய்கறி வண்டிகளில் பல இத்தாலியர், கிரேக்கர் கையில் இருந்தன. இறைச்சி உள்ளே மறைந்திருக்க, மேலே இருப்பவை எல்லாம் கண்முன் கிடக்கின்றன. வாங்குபவர் தாம் தின்னப்போவதில் பாதியையாவது பார்த்துவிடுகிறார். நூல்களில் இப்படி ஒரு விளக்கத்தை நான் படித்ததில்லை. என் ஊகமாகவே கொள்க.

கெச்சப் மட்டும் அங்கே விலக்கு. தேசிய ஹாட் டாக் மற்றும் சாசேஜ் மன்றம் என்ற தொழிலமைப்பின் உண்ணும் ஒழுங்குமுறையில், 18 வயதுக்கு மேற்பட்டோர் கெச்சப் இடலாகாது என்று பாதி விளையாட்டாக ஒரு விதியே உண்டு. இனிப்பு மற்றச் சுவைகளை மூடிவிடும் என்பது ஒரு விளக்கம். கெட்ட இறைச்சியை மறைக்க உதவும் என்பது இன்னொன்று. இரண்டாவது விளக்கத்தில் பழைய ஐயத்தின் குரல் மீண்டும் கேட்கிறது. (கெச்சப் என்ற சொல்லே தென்சீனத்து ஹொக்கியன் மொழியில் புளிக்கவைத்த மீன்சாற்றைக் குறித்து, மலாய் வழியே ஆங்கிலத்துக்கு வந்ததாகக் கருதப்படுவது. தக்காளி அதில் சேர்ந்தது வெகுகாலம் கழித்து. இது தனிப் பதிவுக்கு உரியது.)

டெட்ராய்ட் நகரில் விடை வேறு. 1917இல் கிரேக்கக் குடியேறி ஒருவர் தொடங்கிய கடையிலும், சுவரை ஒட்டியே எழுந்த அதன் போட்டிக் கடையிலும், சாசேஜின் மேல் மசாலா சேர்த்த கொத்துக்கறிக் குழம்பை ஊற்றி, கடுகுச் சாஸும் வெங்காயமும் இடுகிறார்கள். பெயர் 'கோனி'. கோனி தீவில் விற்றவர்கள் 'ஹாட் டாக்' என்ற பெயரை ஒதுக்கியது 1913இல். தீவின் பெயரே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கார் தொழிலாளர்களின் மதிய உணவுக்கு ஆகிவந்தது சில ஆண்டுகளில். இடவாகுபெயருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

நியூயார்க் நடைபாதை வண்டியில் இந்தத் தோட்டமெல்லாம் இல்லை. மஞ்சள் நீலக் குடை, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கும் சாசேஜ்கள், கடுகுச் சாஸ், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், தக்காளி சேர்த்துச் சிவக்க வேகவைத்த வெங்காயம். அவ்வளவுதான். இதை அந்நகரத்தாரின் சுவை என்று விளக்குவது எளிது. தள்ளுவண்டியின் அளவைப் பார்த்தால் வேறு விளக்கம் கிடைக்கும். புளித்தது கெடாது, வெந்தது தொட்டிச் சூட்டிலேயே நிற்கும். நறுக்கிய பச்சைத் தக்காளிக்கோ குளிர்ச்சி வேண்டும், கத்தி வேண்டும், கழுவ நீர் வேண்டும். இரண்டு மீட்டர் வண்டியில் அவற்றுக்கு இடமேது?

அந்த இரண்டு மீட்டரும் எளிதில் கிடைப்பதில்லை. 1930களில் மேயர் லா கார்டியா நகரத்தின் தள்ளுவண்டிகளைத் தெருவிலிருந்து அகற்றிக் கூரையிட்ட சந்தைகளுக்குள் தள்ளினார். 1983இல் நகர நிர்வாகம் உணவு வண்டிகளுக்கான அனுமதிகளை ஏறத்தாழ 3,000 என்ற எண்ணில் நிறுத்தியது. அந்த எண் நாற்பதாண்டுக் காலம் நகரவில்லை. நகரத்துக்குச் செலுத்தும் கட்டணம் ஈராண்டுக்கு 200 டாலர் அளவு. கள்ளச்சந்தையில் அதே அனுமதியின் வாடகை 20,000 டாலருக்கு மேல். சென்ட்ரல் பூங்காவின் விலங்குக்காட்சிச் சாலை அருகே ஒரு ஹாட் டாக் வண்டி நிற்பதற்கு, அதை நடத்தியவர் ஆண்டுக்கு 2,89,500 டாலர் செலுத்துவதாக 2013இல் செய்தி வந்தது. 2021இல்தான் ஆண்டுக்கு 445 வீதம் பத்தாண்டுகளுக்குப் புதிய உரிமங்கள் வழங்கச் சட்டம் பிறந்தது. (ஒப்பீட்டுக்கு: நம் நாட்டின் 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்று விகிதத்தில் வரம்பு வைக்கிறது. ஏட்டில் அது மேலானது. நடைமுறையைப் பேசினால் இந்தப் பதிவு முடியாது.)

இப்படிப் பெற்ற இடத்தில் எதை விற்பது என்பது விளையாட்டான தேர்வாக இருக்க முடியாது. 1990இல் 53ஆம் தெருவும் ஆறாம் அவென்யூவும் சந்திக்கும் முனையில் எகிப்தியக் குடியேறிகள் சிலர் ஒரு ஹாட் டாக் வண்டி தொடங்கினார்கள். சுற்றி நின்ற டாக்சி ஓட்டுநர்களில் பலர் முஸ்லிம்கள். வண்டிக்காரர்களின் சொந்த உணவு மரபுக்கும் அந்த வாடிக்கையாளர்களுக்கும் ஹாட் டாக் பொருந்தவில்லை. 1992இல் ஹாட் டாக்கைக் கைவிட்டு ஹலால் கோழியும் சோறும் விற்கத் தொடங்கினார்கள். இன்று 'தி ஹலால் கைஸ்' என்று பல நாடுகளில் கிளை பரப்பியிருப்பது அந்த வண்டிதான். உள்ளே என்ன இறைச்சி என்ற அதே பழைய கேள்விக்கு, முந்தைய நூற்றாண்டில் கோஷர் தந்த விடையை இப்போது ஹலால் தந்தது.

இனி எவன்ஸ்வில் வரிக்கு வருகிறேன். இதுவரை கிடைத்த சான்றுகளுள் முந்தையதாக அகராதிக்காரர்கள் சுட்டும் அந்த 1884ஆம் ஆண்டு வரி என்ன சொல்கிறது? அப்பாவியான வீனர்வர்ஸ்ட் வியாபாரியும்கூடத் தெருமுனையில் ஹாட் டாக் விற்காதபடி தடுக்கப்படுவார் என்று சொல்கிறது. சொல்லின் தேதிக்காக அவ்வரியை நான் பலமுறை படித்திருக்கிறேன், வினைச்சொல்லைக் கவனித்ததில்லை. அச்சொல்லுக்கு நாம் அறிந்த முதல் அச்சுச் சான்றே, அதை விற்றவரைத் தெருவிலிருந்து விலக்குவது பற்றிய ஒரு செய்திதான். டோர்கன் கதையில் எழுத்துக்கூட்டத் தெரியாத கலைஞர் இருக்கிறார், மைதானம் இருக்கிறது, முதலாளி இருக்கிறார். கூவி விற்ற பையன்களுக்குப் பெயர்கூட இல்லை. கதை பரவியதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எண்ணுகிறேன்.

தெருவிலிருந்து விலக்குவதற்கு எப்போதும் காவலர் தேவையில்லை. சட்டத்தின் ஒரு பெயரடை போதும். கலிபோர்னியா மாநிலத்தின் சில்லறை உணவுச் சட்டத்தொகுப்பில், மூடப்படாத வண்டியில் செய்யத்தக்க 'வரையறுத்த உணவுத் தயாரிப்பு' எது என்று ஒரு பிரிவு உண்டு. அதன் பழைய வடிவத்தில் சூடான தட்டின் மீதன்றி நறுக்குதல் கூடாது. உணவைக் கழுவுதல் கூடாது. சமைத்ததைச் சூடாக வைத்திருத்தல் கூடாது. கடைசித் தடைக்குச் சில விலக்குகள், அவற்றுள் ஒன்று 'ஆவியில் அல்லது நீரில் வெந்த ஹாட் டாக்'. கோனி தீவு வணிகர்கள் தடுத்த கேலிச்சொல் சட்டநூலில் சொல்லாட்சியாக அமர்ந்துவிட்டது! ஆனால் அந்தப் பெயரடையைக் கவனியுங்கள். ஆவி, நீர். நியூயார்க் வண்டியின் ஹாட் டாக் இதற்குள் அடங்கும். லாஸ் ஏஞ்சலஸ் நடைபாதைகளில் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள், விற்ற ஹாட் டாக் அடங்காது.

அவர்களுடையது பன்றியின் பேக்கனைச் சுற்றித் தகட்டில் சுட்டது. மேலே வதக்கிய வெங்காயமும் குடைமிளகாயும், மயோனெய்ஸ், முழுதாகச் சுட்ட ஒரு பச்சை மிளகாய். பச்சை பேக்கனைத் திறந்த வண்டியில் சமைப்பதை மாவட்டச் சுகாதாரத் துறை ஏற்கவில்லை. நடைபாதையில் விற்பதே நகரில் குற்றமாக இருந்த காலம் அது. விலையுயர்ந்த வண்டி வாங்கி, விதிக்கு உட்பட்டு நீரில் வேகவைத்து விற்கலாம். ஆனால் இரவு ஒரு மணிக்கு அரங்கிலிருந்து வெளியே வரும் கூட்டம் கேட்பது பேக்கன் வாசனையை. விதியைப் பின்பற்றினால் விற்காது, விற்பதைச் செய்தால் பறிமுதல். அப்பெண்கள் பலமுறை வண்டியையே இழந்தார்கள். 'டேஞ்சர் டாக்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. மறுபடியும் தின்பவர் வைத்த பெயர், மறுபடியும் குடியேறியவரின் உணவின் மீதான ஐயம்.

அதே ஹாட் டாக்குக்கு எல்லை தாண்டினால் வேறு மதிப்பு. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் பேக்கன் சுற்றி, மொச்சை போன்ற பின்டோ அவரை, தக்காளி, வெங்காயம், மயோனெய்ஸ், மிளகாய்ச் சால்சாவோடு மெத்தென்ற ரொட்டியில் வைத்துத் தருவதுதான் வழக்கம். அரிசோனாவின் டூசானில் 1993இல் சிறு வண்டியாகத் தொடங்கிய 'எல் குவேரோ கனேலோ' என்னும் கடைக்கு, இந்தச் சொனோரா ஹாட் டாக்குக்காகவே 2018இல் ஜேம்ஸ் பியர்டு அறக்கட்டளை அமெரிக்கச் செவ்வுணவகங்களுக்கான விருதை வழங்கியது. அமெரிக்க உணவுலகில் அதற்கு மேற்பட்ட மதிப்பு அரிது. அதே 2018 செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநர், நடைபாதை வியாபாரத்துக்காக எவரையும் குற்றவழக்கில் தண்டிக்கக்கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் நகரமன்றம் நடைபாதை வியாபாரத்துக்கு உரிமம் வழங்க வாக்களித்தது.

ஆனாலும் உணவுச் சட்டத்தொகுப்பின் அந்தப் பிரிவு மாறாமல் இருந்தது. தெருவில் நிற்கலாம், விற்பதற்கான சுகாதார அனுமதி மட்டும் கிடைக்காது என்ற நிலை இன்னும் நான்காண்டு நீடித்தது. சிறு வண்டிகளுக்கென விதிகளைத் தளர்த்திய சட்டம் 2022இல் நிறைவேறி, 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.